மூன்றாவது வரி பாக்கி

எங்கள் ஊரில், காதலித்துக் கைவிட்டவன் சாபம் வாங்காமல் வேறு கல்யாணம் செய்துகொள்ள முடியாது. சாபத்தைப் பேச்சாகக் கொடுத்தால் செல்லாது. பிளமெங்கோ என்கிற பாட்டாகப் பாட வேண்டும். கைவிடப்பட்டவள் கோரை முடைந்த நாற்காலியில் உட்கார்ந்து பாடுவாள். கைவிட்டவன் பக்கத்தில் நின்று கைதட்டித் தாளம் போடுவான். பாட்டுக்கு மூன்றே வரி. மூன்றாவது வரியில் சாபம் இருக்கும். அது உடனே பலிக்கும்.

இந்த வழக்கம், ஸ்பெயினிலிருந்து உப்பு ஏற்ற வந்த ஒரு கப்பலில் வந்தது. கப்பல் உப்பை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வழக்கத்தைத் திருப்பி ஏற்ற மறந்துவிட்டது. நாங்கள் அதை வீணாக்கவில்லை.

என் பெயர் ஜெசிந்தா. மக்ரூன் இனிப்புக் கடையில் முட்டை வெள்ளைக்கரு அடிப்பது என் வேலை. ரொமால்ட் என்னைக் காதலித்தான். பிறகு கப்பலில் வேலை கிடைத்துப் போனான். ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் ஃபோன் செய்தான். "அடுத்த துறைமுகத்துல இறங்கிருவேன்" என்பான். உலகத்தில் இவ்வளவு துறைமுகங்கள் இருப்பது அவனைக் காதலித்ததால்தான் எனக்குத் தெரியவந்தது. நான் காத்திருந்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களும் வாசலில் கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, என் சிநேகிதிகளைக் கட்டிக்கொண்டார்கள்.

ஒரு நாள் அவன் கடைக்கு வந்தான். வெயிலில் கறுத்து, நன்றாகச் சதை போட்டிருந்தான்.

"ஏ ஜெசி, சுகமா இருக்கியா? அஞ்சு கிலோ மக்ரூன் வேணும். நிச்சயதார்த்தத்துக்கு."

"யாருக்கு நிச்சயதார்த்தம்?"

"எனக்குத்தான். ஐஸ் பேக்டரிக்காரர் மவ டெல்ஃபின் இருக்கால்லா, அவகூட." கொஞ்சம் யோசித்தான். "இனிப்பு கம்மியா இருக்கட்டும் என்ன. மாமனாருக்கு சுகர்."

என் வலது கை தானாகவே நிறுத்து, பெட்டியில் அடுக்கி, சணல் போட்டுக் கட்டிக் கொடுத்தது. அந்தக் கையோடு நான் இன்னும் பேசுவதில்லை. சாப்பிடுவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர்களுக்கு ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிவிக்கவும் என்று ஃபாதர் வாசித்தார். நான் எழுந்து நின்றேன்.

"யாரும்மா நீ?" என்றார் ஃபாதர்.

"தடை, ஃபாதர்."

"சரி, உக்காரு தடை. கல்யாணத்தன்னிக்குக் காலையில பாடி முடிச்சிரு. பத்தரைக்குப் பூசை இருக்கு."

அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் என்னைத் தடை என்றே கூப்பிட்டார்கள். "தடை, ரெண்டு கிலோ போடு" என்பார்கள். நான் போட்டேன்.

என்ன சாபம் கொடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன். அது லேசான காரியமில்லை. ஊரில் சாபம் வாங்கியவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு கஸ்பார் அண்ணனை அவருடைய பழைய காதலி, 'நான் காத்த நேரமெல்லாம் உன்மேல் ஏறட்டும்' என்று பாடியிருந்தாள். அவர் சுவர்க் கடிகாரமாகிவிட்டார். இப்போது ஹாலில் தொங்குகிறார். அவர் மனைவி ஞாயிறுதோறும் சாவி கொடுக்கிறாள், தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிறாள். மணி அடித்தால் பிள்ளைகள் கைகொட்டுகிறார்கள். "எப்படி இருக்கிய அண்ணே?" என்று கேட்டேன். "முந்திக்கு இப்பத் தேவல, தடை. யாரும் வேலைக்குப் போகச் சொல்லல" என்றார்.

இன்னொருவர் வாயில் எதை வைத்தாலும் உப்பாகட்டும் என்று ஒருத்தி பாடினாள். வேறு ஊராக இருந்தால் அவர் செத்திருப்பார். எங்கள் ஊரில் அவர் ஒரு பாத்தி கட்டி, தண்ணீரைக் கொப்பளித்துக் கொப்பளித்து விட்டார். இப்போது அவருக்கு மூன்று உப்பளம். மூன்றாமவர் தலையில் வெள்ளிக்கிழமைதோறும் இடி விழுகிறது. அவர் வீட்டில் கரண்ட் போவதே இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. சாபம் என்பது கொடுப்பவளுக்கு ஒரு வரி, வாங்குகிறவனுக்கு ஒரு பிழைப்பு. வாங்கியவன் சந்தோஷமாக இருக்கிறான். ஊரும் அவனை மன்னித்துவிடுகிறது, தண்டனைதான் அனுபவித்துவிட்டானே என்று. கொடுத்தவள் மட்டும் வீட்டுக்கு வந்து சோறு வடிக்கிறாள். எனக்கு இது வேண்டாம். ரொமால்ட் கஷ்டப்பட வேண்டும். நான் பட்டதை அவன் பட வேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் எனக்குப் போதாது.

கல்யாணத்தன்று காலை பாட்டு மண்டபத்துக்குப் போனேன். அது முன்னால் உப்புக் கிடங்காக இருந்தது. வாசலில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் எவர்சில்வர் கரண்டி.

"உடைஞ்சதா, விரிசலா?" என்று கேட்டாள்.

"உடைஞ்சது."

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாளுவ. இங்கன வா." கரண்டியால் என் நெஞ்சில் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். சந்தையில் மண்பானை வாங்குகிறவள் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டாள். இன்னொரு தட்டு தட்டினாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"விரிசல்னா மாடிக்கு அனுப்புவேன். அங்க குஷிப் பாட்டு, ஒரு மணி நேரத்துல சரியாயிரும். ஒனக்குக் கீழ்த்தளம். நேராப் போ."

நேராகப் போனேன். அது நடைபாதை. காத்திருந்தவளுக்கு அது காத்திருந்த அளவுக்கு நீளும். எனக்கு முன்னால், பாட்டுக் கேட்க வந்த ஒருத்தி நாலு எட்டில் கதவைத் தொட்டுவிட்டாள். நான் நடந்துகொண்டே இருந்தேன். வழியில் ஒரு டீக்கடை இருந்தது, டீ குடித்தேன். ஒரு பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் என்னைக் கடந்து ஓடினார்கள். கொஞ்ச தூரம் மழை பெய்தது. செருப்பு அறுந்தது. கதவை அடைந்தபோது மணி இன்னும் ஒன்பதுதான் ஆகியிருந்தது.

உள்ளே பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. கிட்டார் வாசிக்கும் லெஸ்லி, நரம்பை முறுக்கிக்கொண்டிருந்தான். மற்ற நேரத்தில் ஏசி ரிப்பேர் பார்ப்பவன். ரொமால்ட் கோட்டு சூட்டில், நெஞ்சில் வெள்ளைப் பூ குத்திக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தான்.

"ஜெசி, ஒண்ணு சொல்லட்டா? முடி கொட்டட்டும்னு பாடிரு. எப்படியும் கொட்டத்தான் செய்யுது."

"ஒனக்கு வெக்கமே இல்லையா?"

"இதுல என்ன இருக்கு? ஆறின கஞ்சி பழங்கஞ்சி. ஒனக்கும் ஒரு நிம்மதி, எனக்கும் ஒரு நிம்மதி." வாட்சைப் பார்த்தான். "சீக்கிரம் முடிச்சிரு என்ன. பிரியாணி தம்முல கெடக்கு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். லெஸ்லி குனிந்து, முறைப்படி எனக்கு விதிகளைச் சொன்னான்.

"எக்கா, மொதல்ல 'ஆய்'னு வலியில கத்துத மாதிரி இழுக்கணும். தொண்டை சூடாவும். பொறவு முத வரி, ரெண்டாவது வரி. வரிக்கும் வரிக்கும் நடுவுல மூச்சு வாங்கிக்கிடலாம், தண்ணி குடிச்சிக்கிடலாம். அதுவரைக்கும் நான் கிட்டாரு வாசிப்பேன், அவரு தட்டிக்கிட்டே இருப்பாரு. வலி உண்மையா இருந்தா கேக்குறவங்க யாராவது, சபாஷ் மாதிரி, 'ஓலே'ம்பாங்க. பொய்யா ஓலே சொன்னா சொன்னவன் நாக்கு வீங்கிரும். மூணாவது வரி முடிஞ்சாத்தான் அவரு கைய நிறுத்த முடியும்."

"நடுவுல நிறுத்துனா?"

"நிறுத்துற வழக்கம் இல்லக்கா."

எங்கள் ஊரில் வழக்கம் இல்லாததை யாராலும் செய்ய முடியாது. என் சித்தப்பா ஒருமுறை செய்யப் பார்த்தார். இடுப்புக்கு மேல் அவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

ரொமால்ட் தட்ட ஆரம்பித்தான். பன்னிரண்டு தட்டு ஒரு சுற்று. மூன்றாவதில் கொஞ்சம் அழுத்தம், ஆறில் கொஞ்சம், எட்டில், பத்தில், கடைசியில் ஒன்று. நன்றாகத்தான் தட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்காக நேரம் தவறாமல் ஒரு காரியம் செய்கிறான் என்று நினைத்தேன்.

நான் வாயைத் திறந்து 'ஆய்' என்று இழுத்தேன்.

அது என் குரலாக இல்லை. அது எனக்கு முன்பே அங்கே இருந்தது. சுவரில் காரை பெயர்ந்து விழுந்தது. வெளியே மீன் கழுவும் பெண்கள் கையை நிறுத்தினார்கள். துறைமுகத்தில் ஒரு கப்பல் பதிலுக்கு ஊதியது. பிறகு பாடினேன்.

*உப்புக் காயும் வெயிலில் நின்றேன்.*
*உன்னை அழைத்துவர என் நிழலை அனுப்பினேன்.*

யாரும் ஓலே சொல்லவில்லை. எல்லோரும் மூன்றாவது வரிக்குக் காத்திருந்தார்கள். நான் ஒரு சாபம் யோசித்துத்தான் வைத்திருந்தேன். 'நீ நுழையும் வாசலெல்லாம் சுவராகட்டும்.' அதைக் காலையில்கூடச் சொல்லிப் பார்த்திருந்தேன். இப்போது அவனைப் பார்த்தேன். வாசல் சுவரானால் அவன் ஐஸ் பேக்டரிக்குள் மாட்டிக்கொள்வான். குளுகுளு என்று இருப்பான். சோறு ஜன்னல் வழியாக வரும். ஐயோ பாவம் என்று டெல்ஃபின் ஊட்டிவிடுவாள்.

ரொமால்ட் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். 'ம், சொல்லு' என்பது போல. தைரியம் கொடுக்கிறானாம்.

நான் லெஸ்லியிடம் தண்ணீர் கேட்டேன். கொடுத்தான். குடித்தேன். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். மடியில் கையை வைத்துக்கொண்டேன். மூச்சு வாங்கினேன்.

லெஸ்லி வாசித்தான். ரொமால்ட் தட்டினான். நான் மூச்சு வாங்கினேன்.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ரொமால்டின் நெற்றியில் வியர்வை வந்தது. அது மூக்கு நுனிக்கு வந்து நின்றது. துடைக்க அவனுக்குக் கை இல்லை.

"ஜெசி" என்றான் மெதுவாக. "மறந்துட்டியா?"

"இல்ல."

"அப்போ பாடு."

"பாடுதேன். அடுத்த சுத்துல."

அவன் முகத்தில் ஒன்று அசைந்தது. அதற்காகத்தான் நான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தேன் என்று தோன்றியது. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சுற்று வந்தது. நான் அதைப் போகவிட்டேன். அதற்கடுத்ததையும் போகவிட்டேன். பூசை மணி அடித்து ஓய்ந்தது. லெஸ்லி கிட்டாரை உறையில் போட்டான்.

"எங்க போற?" என்று ரொமால்ட் கத்தினான்.

"கிட்டாருக்குச் சாப்பாட்டு நேரம் உண்டுண்ணே."

"அப்போ எனக்கு?"

"கைத்தட்டுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லையே." லெஸ்லி என் பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்தினான். "எக்கா, ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பாட்ட முடிக்காதவ வேற பாட்டு எடுக்க முடியாது. வேற ஆளையும் பாக்க முடியாது. நீங்களும்லா மாட்டிக்கிடுவிய."

"பரவால்ல, லெஸ்லி. எனக்கு மாட்டிக் கிடந்து பழக்கம்தான்."

அப்போது டெல்ஃபின் வந்தாள். வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையில் முக்காட்டுத் துணியோடு, நடைபாதையை இரண்டே எட்டில் கடந்து வந்தாள். கோயிலில் நின்று நின்று அவளுக்குக் கால் வலித்திருக்க வேண்டும். சின்னப் பெண். அவள்மேல் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"எக்கா, ஒத்த வரிதான?" என்றாள். "பாடிருங்களேன். ஃபாதர் உள்ள போயிட்டாரு. பலூனெல்லாம் சுருங்குது."

"தொண்ட சரியில்லம்மா."

"எப்போ சரியாவும்?"

"இவரு கப்பல்ல போனப்ப நானும் இப்படித்தான் கேட்டேன். எப்போ வருவியன்னு."

"என்ன சொன்னாரு?"

"அடுத்த துறைமுகத்துல இறங்கிருவேன்னாரு."

டெல்ஃபின் ரொமால்டைப் பார்த்தாள். அவன் தட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட, கல்யாணம் ஆனதும் கப்பல் வேலைய விட்டுருவேன்னாரு" என்றாள்.

"எப்போன்னு கேட்டியா?"

"அடுத்த காண்ட்ராக்ட் முடிஞ்சதும்னாரு."

"டெல்ஃபின், அவ சொல்லுதத கேக்காத!" என்றான் ரொமால்ட். "அவளுக்குப் பொறாமை."

"ஆமா, பொறாமைதான்" என்றேன். "நல்லாவே பொறாமை."

டெல்ஃபின் முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூச்செண்டால் விசிறிக்கொண்டாள். நான் பாடவில்லை. கிட்டார் இல்லை. கைத்தட்டு மட்டும் கேட்டது. அது நடுநடுவே தடுமாறி, மறுபடி நேரானது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் அவனைப் பார்த்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். பிறகு தரையைப் பார்த்துக் கேட்டாள்.

கடைசியில் எழுந்தாள். கவுனில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டாள்.

"ஓலே" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் நாக்கு வீங்கவில்லை. பூச்செண்டை நாற்காலியில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போய்விட்டாள். பிரியாணியை அவள் அப்பா ஊருக்கு விட்டுக்கொடுத்தார். நன்றாக இருந்தது. நான் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் வீட்டுக்கு வந்தேன். ரொமால்ட் பின்னாலேயே தட்டிக்கொண்டு வந்தான். நாற்காலிக்காரி இருக்கும் இடத்தில்தான் கைத்தட்டும் இருக்க வேண்டும். என் வாசலில், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான்.

இப்போது ஊர் அவனுக்குப் பழகிவிட்டது. பால்காரர் அவன் தாளத்துக்கு மணி அடிக்கிறார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை அதற்கு ஒப்பிக்கிறார்கள். கடைக்கும் என் பின்னாலேயே வருகிறான். அங்கே நான் வெள்ளைக்கரு அடிப்பதும் அந்தத் தாளத்தில்தான். மக்ரூன் முன்பைவிட நன்றாக உப்பி வருகிறது. முதலாளி எனக்குத் தனி மின்விசிறி போட்டிருக்கிறார்.

அவனுக்குக் கை ஒழிவதில்லை. யாராவது சோறு ஊட்ட வேண்டும். அவன் அம்மா முதலில் வந்தாள். பிறகு முட்டி வலி என்று நின்றுவிட்டாள். அக்கா தங்கைகளும் நின்றுவிட்டார்கள். அதனால் நான் ஊட்டுகிறேன். நான் பேசாத அந்த வலது கையால்தான் ஊட்டுகிறேன். மீன் குழம்பில் முள் எடுத்துத் தருகிறேன். வாயைத் துடைக்கிறேன். சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கிறேன். காதலித்த காலத்தில் இதெல்லாம் செய்ய எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு கவளத்தோடும் எனக்குக் கோபம் குறைய வேண்டும் என்று பக்கத்து வீட்டார் எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. நான் சோற்றை நன்றாகப் பிசைந்தேன்.

"சபிச்சிரு ஜெசி" என்பான், வாயில் சோற்றோடு. "கல்லாப் போன்னு சொல்லு. நாயாப் போன்னு சொல்லு. எதையாவது சொல்லு."

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"எவ்வளவு நேரம் யோசிப்ப?"

"மெல்ல மெல்ல. நல்ல சாபமாக் குடுக்கணும்லா."

அவன் அழுவான். நான் கண்ணையும் துடைத்துவிடுவேன். அவன் உள்ளங்கைகள் சிவந்து, தோல் உரிந்து, காய்த்துவிட்டன. எனக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நேற்று மத்தியானம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். தெருவில் ஆள் இல்லை. வெளியே தாளம் ஒரு சுற்று முடிந்து இன்னொரு சுற்றுக்கு வந்தது. அவன் முன்னெப்போதும் தட்டாத மாதிரி மெதுவாகத் தட்டினான். களைத்துப்போயிருந்தான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வரி எங்கே தொடங்க வேண்டுமோ அந்த இடம் வந்ததும், என் வாய் தானாகத் திறந்தது.

வரி தொண்டைக்கு வந்துவிட்டது. நாக்கில் ஏறி, பல்லுக்குப் பின்னால் நின்றது. நான் அதைப் பார்த்தேன். அது நான் யோசித்து வைத்த வரி இல்லை. அதில் சுவர் இல்லை, வாசல் இல்லை. அது சாபமே இல்லை. 'போ, எங்கேயாவது நல்லா இரு' என்றிருந்தது.

இத்தனை நாள் உள்ளே அடைத்து வைத்ததில் அது இப்படிக் கெட்டுப்போயிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்தியைக் கீழே போட்டேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தாளம் அந்த இடத்தில் எனக்காகக் கொஞ்சம் நின்று பார்த்த மாதிரி இருந்தது. நான் விழுங்கினேன். முதலில் இறங்கவில்லை. தண்ணீர் குடித்து இறக்கினேன். நெஞ்செல்லாம் காந்தியது.

பிறகு வெங்காயத்தை நறுக்கி முடித்தேன். வெளியே அவன் தட்டிக்கொண்டிருந்தான்.